திங்கட்கிழமையின் விசுவாசம்: மகிழ்ச்சி, உறுதி, பரிசுத்தம் பற்றிய ஓர் எளிய அறிமுகம்

புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களும், இளவயதில் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கான திடப்படுத்தலோ உறுதிபூசுதலோ பெற்ற பிறகு பல ஆண்டுகள் ஆலயத்துக்கு வராமல் இருந்துவிட்டு மீண்டும் வந்தவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்ய வேண்டும் என்பது தெரிகிறது. திங்கட்கிழமை என்ன செய்வது? வடசென்னையில் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் ஆலயமோ ஜெபவீடோ இல்லாத வட்டாரம் குறைவு. ஆராதனை முடிந்து பைபிளை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவர்களுக்கு மறுநாள் காலை காத்திருப்பது துறைமுகத்து வேலை, மீன் ஏலம், துணிக்கடைக் கவுண்டர், ரயில்பெட்டித் தொழிற்சாலையின் ஷிப்ட், வீட்டு வேலை. அந்த இடங்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருப்பது என்றால் என்ன என்பதைத் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்காக இக்கட்டுரை விளக்குகிறது.

மகிழ்ச்சி, உறுதி, பரிசுத்தம் என்னும் மூன்று சொற்களும் பிரசங்கங்களில் அடிக்கடி சேர்ந்தே வரும். இவை தனித்தனியாகத் தேர்ச்சி பெற வேண்டிய மூன்று பாடங்கள் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். முதலில் பரிசுத்தமாக வாழ்ந்து காட்டினால், அதற்குப் பரிசாகக் கடவுள் மகிழ்ச்சியைத் தருவார் என்றும் நம்புகிறார்கள். வேதம் காட்டும் வரிசை இதற்கு நேர் எதிரானது. எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல், "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று முதலில் சொல்லி, அது மனிதரின் செய்கையால் உண்டானதல்ல, தேவனுடைய ஈவு என்பதையும் தெளிவாக்கிய பிறகுதான், பத்தாம் வசனத்தில் நற்கிரியைகளைப் பற்றிப் பேசுகிறார். நாம் நேசிக்கப்பட்டிருக்கிறோம், மன்னிக்கப்பட்டிருக்கிறோம் என்பது முதலில் வருகிறது. நம் நடத்தை அதன் பின்னால் வருகிறது. இந்த வரிசை தலைகீழானால் விசுவாச வாழ்க்கை தீராத கடனை அடைக்கும் வாழ்க்கையாகிவிடும். அப்படித் தவணை கட்டிக் கட்டிச் சோர்ந்துபோய் ஆலயத்தைவிட்டு விலகியவர்களை எல்லாச் சபைகளிலும் காணலாம்.

இதைப் புரிந்துகொள்ள லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் வரும் சகேயுவின் வரலாற்றைப் போலப் பயன்படும் பகுதி வேறில்லை என்பது என் கருத்து. சகேயு எரிகோ ஊரின் ஆயக்காரர்களுக்குத் தலைவன், ஐசுவரியவான், குள்ளன். ரோம அரசுக்கு வரி வசூலிக்கும் சாக்கில் மக்களிடம் கூடுதலாகப் பிடுங்குகிறவர்கள் என்பதால் ஆயக்காரர்களை ஊர் வெறுத்தது. இயேசுவைப் பார்ப்பதற்காகக் காட்டத்தி மரத்தில் ஏறி இருந்த அவனை அவர் அண்ணாந்து பார்த்து, பெயர் சொல்லி அழைத்து, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார். அந்த நேரத்தில் சகேயு எந்தத் தவற்றையும் திருத்திக்கொண்டிருக்கவில்லை. எவருக்கும் ஒரு காசைக்கூடத் திருப்பித் தந்திருக்கவில்லை. அவன் விரைவாக இறங்கி, சந்தோஷத்தோடே அவரை அழைத்துக்கொண்டு போனான் என்று ஆறாம் வசனம் சொல்கிறது. ஊரார் முறுமுறுக்கிறார்கள். இரண்டு வசனம் கழித்துச் சகேயு எழுந்து நின்று, தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துவதாகவும் சொல்கிறான். ஆறாம் வசனத்தில் மகிழ்ச்சி. எட்டாம் வசனத்தில் பரிசுத்தம். இடையில் இருப்பது ஊராரின் முறுமுறுப்பு. அந்த முறுமுறுப்பைக் கேட்டும் பின்வாங்காமல் எல்லார் முன்னும் எழுந்து நின்று தன் கணக்கைச் சொல்ல அவனால் முடிந்ததே, அதுதான் உறுதி. மூன்றும் ஒரே மனிதனிடத்தில், ஒரே நாளில், ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து வெளிப்படுகின்றன.

சகேயுவின் மகிழ்ச்சி அவனுடைய பணப்பெட்டியை இளக்கியது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆராதனையில் கைதட்டிப் பாடும்போது பொங்கும் உற்சாகம் நல்லதே. ஆனால் அது வீட்டுக் கணக்கு நோட்டு வரை, சம்பளக் கவர் வரை வந்து சேராவிட்டால், வேதம் சொல்லும் சந்தோஷம் இன்னும் முழுமையாக நமக்குள் வரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

மகிழ்ச்சியைக் குறித்துப் புதியவர்களை மிகவும் வருத்தும் கேள்வி வேறொன்று உண்டு. "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று பிலிப்பியர் 4:4 கட்டளையிடுகிறது. எப்பொழுதும் என்றால் துக்க வீட்டிலுமா, வேலை போன மாதத்திலுமா? இதை எழுதியபோது பவுல் விலங்கிடப்பட்ட கைதியாக இருந்தார் என்பது அந்த நிருபத்தின் முதல் அதிகாரத்திலேயே தெரிகிறது. அதே பிலிப்பி நகரத்துச் சிறையில்தான் முன்னொரு முறை அவரும் சீலாவும் அடிபட்ட உடலோடு, தொழுமரத்தில் கால்கள் மாட்டப்பட்ட நிலையில், நடுராத்திரியில் ஜெபித்துப் பாடினார்கள். ஆகவே சூழ்நிலை நன்றாக இருப்பதால் வரும் மனநிறைவைப் பற்றி அவர் பேசவில்லை என்பது உறுதி. கடவுள் என்னைக் கைவிடவில்லை, இனியும் கைவிடமாட்டார் என்னும் அறிவு உள்ளத்தில் வேரூன்றியிருப்பதால் வரும் நிறைவையே அவர் சந்தோஷம் என்கிறார்.

இந்தச் சந்தோஷம் அழுகையைத் தடை செய்வதில்லை. லாசருவின் கல்லறை அருகே இயேசு கண்ணீர் விட்டார். 150 சங்கீதங்களில் கணிசமான பங்கு புலம்பல்களே. எதுவரைக்கும் கர்த்தாவே என்று முறையிடும் குரல்களை வேதம் மறைக்காமல் வைத்திருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு காலையில், கடல் இந்தக் கரைக்குள் புகுந்தது. அன்று உற்றாரையும் வீட்டையும் இழந்தவர்களிடம் சந்தோஷமாயிருங்கள் என்று எவரேனும் உபதேசித்திருந்தால் அது கொடுமை. அழுகிறவர்களுடனே அழுங்கள் என்று ரோமர் 12:15 சொல்வதுதான் அத்தகைய நாளுக்கு உரிய கட்டளை. சிரித்த முகத்தோடு இருப்பதே விசுவாசத்தின் அடையாளம் என்று கற்பிக்கப்பட்டால், துயரப்படுகிறவர்கள் தங்கள் துயரத்தோடு குற்றவுணர்ச்சியையும் சேர்த்துச் சுமப்பார்கள். இதைக் கற்பிக்கும் பொறுப்பில் உள்ளவர்கள் தயவுசெய்து மனதில் கொள்ள வேண்டும்.

அன்றாடத்தில் இந்தச் சந்தோஷம் எப்படி இருக்கும் என்பதைக் காசிமேட்டின் கோடைகாலத்தை வைத்துச் சொல்லலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகில் வேலை செய்கிறவருக்கு அந்த நாட்களில் பங்குப்பணம் இல்லை. வலை பின்னுவதும் படகுக்குப் பழுது பார்ப்பதும்தான் வேலை. பள்ளிக்கூடம் திறக்கும் செலவும் அதையொட்டியே வந்து நிற்கும். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும், "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்று ஆபகூக் தீர்க்கதரிசி சொன்ன வசனம் இங்கே பல வீடுகளில் சுவரில் தொங்குகிறது. தடைக்காலத்தில் அந்த வசனத்தின்படி வாழ்வது என்றால், இருப்பது குறைவு என்பதை மறைக்காமல் குடும்பத்தோடு உட்கார்ந்து ஜெபிப்பதும், கையிருப்பு தீர்ந்துபோன பக்கத்து வீட்டுக்கு ஒரு படி அரிசி கொடுத்தனுப்புவதும், கவலையைத் தாங்க முடியாமல் டாஸ்மாக் பக்கம் கால் திரும்பும் மாலையில் அதற்குப் பதிலாக ஒரு நண்பரைத் தேடிப் போய்ப் பேசுவதுமாகும். பாட்டு வரவில்லை என்றாலும் அதுவும் சந்தோஷமே.

உறுதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எபிரெயர் நிருபம் நம்பிக்கையை ஆத்துமாவின் நங்கூரம் என்கிறது. படகு அலையில் ஆடும். நங்கூரம் பிடித்திருந்தால் இடத்தைவிட்டு நகராது. விசுவாசத்தில் உறுதி என்பதும் அப்படியே சந்தேகமோ பயமோ இல்லாத நிலையைக் குறிப்பதில்லை. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட தானியேல் என்ற இளைஞன், அரசனின் உணவினால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்டான். அடுத்து அவன் செய்தது பிரதானிகளின் தலைவனிடம் போய்ப் பணிவாக வேண்டிக்கொண்டதுதான். உள்ளே தீர்மானம், வெளியே பணிவு. பேதுருவும் இதையே சொல்கிறார்: நம்மிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருக்க வேண்டும்.

அம்மன் கோவிலும் தர்காவும் சர்ச்சும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் தெருக்களில் வாழ்கிறவர்களுக்கு இந்தச் சாந்தம் மிகவும் தேவை. ஆடி மாதத்தில் பக்கத்து வீட்டு அக்கா அன்போடு கூழ் கொண்டுவந்து தரும்போது, படைத்ததை உண்பது குறித்து ஒருவரின் மனச்சாட்சி தடுத்தால், அவர் அதை அன்பும் மரியாதையும் குறையாமல் சொல்ல முடியும். மனச்சாட்சி தடுக்காதவர் நன்றியோடு வாங்கிக்கொள்ளவும் முடியும். இந்தக் கேள்வி கொரிந்து சபையிலேயே எழுந்தது. 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்களில் பவுல் அதை விரிவாக ஆராய்கிறார். பிறருடைய வழிபாட்டை இழித்துப் பேசுவதை மட்டும் எந்த மனச்சாட்சியும் நியாயப்படுத்த முடியாது.

இனி பரிசுத்தம். மூன்றிலும் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். வெள்ளை உடை, நகை அணியாமை, சினிமா பார்க்காமை, உபவாசம் என்று சிலர் இதை வெளி அடையாளங்களில் தேடுகிறார்கள். துறவியருக்கும் குருக்களுக்கும் மட்டுமே உரியது என்று வேறு சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1964ஆம் ஆண்டு, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின்போது, பொதுநிலையினர் உட்பட எல்லாரும் பரிசுத்த வாழ்வுக்கு அழைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று வெளிப்படையாக அறிவித்தது. அந்த அழைப்பு வேதத்தில் தொடக்கத்திலிருந்தே இருப்பதுதான். ராயபுரத்தில் எந்தத் திருத்தூதரின் பெயரால் படகோட்டிகள் ஆலயம் எழுப்பினார்களோ, அந்தப் பேதுரு, வலை இழுத்த கைக்குச் சொந்தக்காரர், தம் முதல் நிருபத்தில் "உங்கள் நடக்கைகளெல்லாவற்றிலேயும் பரிசுத்தராயிருங்கள்" என்று எழுதினார். எல்லாவற்றிலேயும் என்பதைச் சற்று நின்று வாசிக்க வேண்டும்.

பேதுரு மேற்கோள் காட்டும் கட்டளை லேவியராகமத்தில் இருக்கிறது. அதன் 19ஆம் அதிகாரத்தைத் தொடக்க நிலையில் இருப்பவர்கள் ஒருமுறை முழுவதுமாக வாசிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். "நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்று தொடங்கும் அந்த அதிகாரம் அடுத்து எதைப் பற்றிப் பேசுகிறது? வழிபாட்டைப் பற்றிச் சில வசனங்கள் உண்டு. ஆனால் அதோடு சேர்ந்து வருபவை இவை: வயலின் ஓரத்தை முழுவதும் அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட வேண்டும், பொய் சொல்லக் கூடாது, செவிடனை நிந்திக்கக் கூடாது, குருடன் வழியில் தடை வைக்கக் கூடாது, கோள் சொல்லித் திரியக் கூடாது, நரைத்தவர்களுக்கு முன்பாக எழுந்து நிற்க வேண்டும், படியும் தராசும் சரியாக இருக்க வேண்டும். "கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." இவை எல்லாம் சேர்ந்துதான் பரிசுத்தம். வள்ளலார் நகர் பேருந்தில் ஒரு பெரியவருக்கு எழுந்து இடம் கொடுப்பதும் இந்த அதிகாரத்துக்குள்ளேயே அடங்கும்.

சந்தையில் இது எப்படித் தெரியும்? காசிமேட்டில் சில்லறையாக மீன் விற்கிறவர்கள் தட்டில் கூறு கட்டி வைப்பார்கள். மேலே தெரியும் சங்கரா மீனின் கண் பளபளப்பாக இருக்கும். செவுளைத் தூக்கிக் காட்டினால் இரத்தச் சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தினால் சதை குழியாமல் எழும்பும். அதே கூறின் அடியில், நேற்றைய ஐஸில் கிடந்து வயிறு தளர்ந்து செவுள் பழுப்பேறிய இரண்டு மீன் இருக்கலாம். வாங்குகிறவர் மேல் மீனைப் பார்த்துத்தான் பணம் கொடுக்கிறார். கூறின் அடியிலும் மேலே உள்ளதைப் போன்ற மீனையே வைப்பது, அல்லது "அடியில கெடக்கிறது நேத்து மீனுமா, வறுவலுக்கு ஆகாது" என்று சொல்லி விலையைக் குறைத்துக் கொடுப்பது பரிசுத்தம். அதனால் அன்றைய வருமானத்தில் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவையும் மறைக்காமல் சொல்லித்தான் புதியவர்களுக்கு இதைக் கற்பிக்க வேண்டும்.

வாங்குகிறவருக்கும் இதில் பங்கு உண்டு. ஏ.சி. கடையில் ஒட்டியிருக்கும் விலையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு, வெயிலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் பத்து ரூபாய்க்காக வாதாடுவது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. அதேபோலப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலோ வேறெங்கோ துணிக்கடை நடத்தும் ஒரு விசுவாசி, கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார ஸ்டூல் போட்டிருக்கிறாரா என்பதும் பரிசுத்தத்தைச் சேர்ந்த கேள்விதான். தமிழக அரசு 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. சட்டம் சொல்வதற்கு முன்பே அவர்களுடைய கால் வலியை நாம் கண்டிருக்க வேண்டும். வீட்டில் பாத்திரம் கழுவ வருகிறவரின் சம்பளத்தை, "அடுத்த வாரம் வாங்கிக்கோம்மா" என்று தள்ளிப்போடும் கிறிஸ்தவக் குடும்பம் அன்று இரவு குடும்ப ஜெபம் செய்கிறது என்றால், விடியற்காலம்மட்டும் என்ற அந்த வசனத்தையும் ஜெபத்தில் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது சாதியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று கலாத்தியர் 3:28 சொல்கிறது. பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தவனுக்குக் கால்படியும் காட்டும் சபையை யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கடுமையாகக் கண்டிக்கிறார். ஆனாலும் வரன் பார்க்கும்போது விசுவாசத்துக்கு முன்னால் சாதியைக் கேட்கும் கிறிஸ்தவ வீடுகள் நம்மிடையே உண்டு. சபைத் தேர்தலில் சாதி பார்த்து வாக்களிக்கிறவர்களும் உண்டு. மதுவையும் சினிமாவையும் பாவம் என்று கண்டிக்கும் நாவுகள் இதைக் குறித்து மௌனமாக இருப்பது பெரும் குறை. புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்கள், இதுவும் அப்படித்தான் போலும் என்று பழகிவிடக் கூடாது. இது பாவம் என்று அறிந்து, தங்கள் வீட்டுத் திருமணப் பேச்சிலேயே அதை மறுக்கத் தொடங்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்டு, இது என்னால் ஆகாது என்று ஒருவர் மலைத்துப்போனால் அது இயல்புதான். பிலிப்பியர் இரண்டாம் அதிகாரம் இங்கே கை கொடுக்கிறது. உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்று சொல்லும் பவுல், அந்த வாக்கியத்தை முடித்த உடனே, விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார். உழைப்பு நம்முடையது, உழைக்கும் விருப்பத்தையே தருகிறவர் ஆவியானவர். இந்த வளர்ச்சியை விளக்குவதில் சபைகளுக்குள் வேறுபாடு உண்டு. ஆர்.சி. சபையார் ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற அருட்சாதனங்களை முதன்மைப்படுத்துவார்கள். லுத்தரன் சபையார் விசுவாசத்தினால் வரும் நீதியை வற்புறுத்துவார்கள். மெதடிஸ்டுகள் பூரண பரிசுத்தத்தை நோக்கி வளர்வதைப் பேசுவார்கள். பெந்தெகொஸ்தே சபையார் ஆவியின் அபிஷேகத்தை அழுத்திச் சொல்வார்கள். ஆயினும் இரட்சிப்பு கிருபையினால் வருவது, நற்செயல்கள் அதன் கனியாகத் தொடர்பவை என்பதில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் 1999ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டாகக் கையெழுத்திட்டார்கள். 2006இல் மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். எந்தச் சபையில் இருந்தாலும் தொடக்க நிலையில் இருப்பவர் இந்த அடிப்படையில் நிம்மதியாகக் காலூன்றலாம்.

விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் விடை உண்டு. பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னித்துச் சுத்திகரிக்கிறார் என்று 1 யோவான் 1:9 விசுவாசிகளுக்குத்தான் எழுதுகிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருவிடம் அறிக்கையிடுகிறவரும், திருவிருந்துக்கு முன் சபையோடு சேர்ந்து பாவ அறிக்கை செய்கிறவரும், வீட்டு மொட்டைமாடியில் முழங்காலில் நிற்கிறவரும் இந்த வாக்குத்தத்தத்தையே பற்றிக்கொள்கிறார்கள். பிறருக்கு நட்டம் செய்திருந்தால் சகேயுவைப் போலத் திருப்பித் தர வேண்டும். கடவுளிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று என்பதற்காக, ஏமாற்றப்பட்டவரின் பணம் நம்முடையதாகிவிடாது.

நாள்தோறும் இதைப் பழகுவதற்கு நீண்ட பயிற்சிகள் தேவையில்லை. மார்ட்டின் லுத்தர் 1529இல் குடும்பத் தலைவர்களுக்காக எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், காலையில் எழுந்து சிலுவை அடையாளம் இட்டு, விசுவாசப் பிரமாணமும் பரமண்டல ஜெபமும் சொல்லி, பிறகு மகிழ்ச்சியோடு உன் வேலைக்குப் போ என்று கற்பித்தார். ஜெபமும் மகிழ்ச்சியும் வேலையும் ஒரே மூச்சில் வருகின்றன. இரவுக்கு, இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் கற்றுத்தந்த ஆத்தும சோதனை உதவும்: அன்றைய நாளை மணி மணியாக நினைத்துப் பார்த்து, நன்றி சொல்ல வேண்டியதற்கு நன்றி சொல்லி, மன்னிப்புக் கேட்க வேண்டியதற்கு மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு வேண்டிய கிருபையைக் கேட்பது. பத்து நிமிடம் போதும். இன்று யாரிடம் கத்தினேன், கைபேசியில் எதைப் பார்த்தேன், வாட்ஸாப்பில் யாரைப் பற்றிய கோளை அனுப்பினேன் என்ற கேள்விகள் அதில் தாமாக வரும்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருப்பவர்களுக்கு. மருத்துவமனைச் செவிலியர், துறைமுகத் தொழிலாளர், உணவு டெலிவரி செய்யும் இளைஞர் எனப் பலருக்கு ஞாயிறு காலை கிடைப்பதில்லை. அதனால் தாங்கள் இரண்டாம் தர விசுவாசிகள் என்று அவர்கள் கூசிப்போகிறார்கள். கத்தோலிக்கர்களுக்குச் சனிக்கிழமை மாலைத் திருப்பலியே ஞாயிறு கடமையை நிறைவேற்றும். மற்றச் சபைகளில் மாலை ஆராதனையோ, வார நாளில் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டமோ இருக்கும். குருவிடமோ பாஸ்டரிடமோ உங்கள் ஷிப்ட் நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள். எந்த வீட்டில், எந்தக் கிழமையில் ஜெபக்கூட்டம் என்று அவர் சொல்வார்.